நாய்ச் சண்டை: சிகாகோவிலிருந்து ஒரு கேள்வி பதில்

நான் சிகாகோவில் இருக்கிறேன். விலங்கு வதை வழக்குகள் நடக்கும்போது நீதிமன்றத்தில் போய் உட்காரும் தன்னார்வலர்களில் ஒருத்தி. பந்தயத்துக்காக நாய்களை மோதவிடும் நாய்ச் சண்டையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, அமெரிக்காவில் இது குற்றம்தானே? அப்புறம் எப்படி இன்னும் நடக்கிறது? (சேலம்)

குற்றம்தான். 2008 முதல் 50 மாநிலங்களிலும் பெருங்குற்றம். மத்திய சட்டப்படி சண்டை நடத்தினால் 5 ஆண்டு வரை சிறை. 2014 முதல் வேடிக்கை பார்க்கப் போவதும் குற்றம். 16 வயது ஆகாத பிள்ளையைக் கூட்டிப்போனால் 3 ஆண்டு வரை உள்ளே போகலாம்.

ஆனால் இதில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று, பெரிய பணம் புரளும் ரகசியத் தொழில். 2009 ஜூலையில் மிசூரியிலும் வேறு பல மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் சோதனை போட்டு 400க்கும் மேற்பட்ட நாய்களை மீட்டார்கள். அதற்கு அதிகாரிகள் மாதக்கணக்கில் மாறுவேடத்தில் உள்ளே இருக்க வேண்டியிருந்தது. இன்னொன்று தெருச் சண்டை. விடலைப் பையன்கள், சந்து, பூட்டிக் கிடக்கும் வீடு, கொஞ்சம் பந்தயக் காசு, நிறைய வீம்பு. முதலாவதை போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். ஊர்க்காரர்கள் கை வைக்க முடிந்தது இரண்டாவதில்தான்.

எப்படிக் கை வைப்பது? போய்ப் புத்தி சொன்னால் கேட்பார்களா? (தஞ்சாவூர்)

கேட்க மாட்டார்கள். யார் சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

2006இல் இங்கே அமெரிக்க ஹியூமன் சொசைட்டி என்ற விலங்கு நல அமைப்பு ஒரு திட்டம் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் டியோ ஹார்டிமன். துப்பாக்கிச் சண்டைகளைத் தடுக்கும் சீஸ்ஃபயர் அமைப்பில் வேலை பார்த்தவர். அங்கே அவர்கள் வழி என்னவென்றால், அதே தெருவில் வளர்ந்து ஒருகாலத்தில் கும்பலில் இருந்து திருந்தியவர்களைத் தூது அனுப்புவது. பழிவாங்கக் கிளம்பும் பையனை அவர்கள் பேசித் தடுப்பார்கள். அதே வழியை நாய்ச் சண்டைக்கும் கொண்டுவந்தார்கள். முன்னாள் சண்டைக்காரர்களே தெருவில் இறங்கிப் பேசினார்கள்.

பேச்சோடு நிற்கவில்லை. சண்டைக்கு அதிகம் பயன்படுத்தும் பிட்புல் வகை நாய் வைத்திருப்பவர்களுக்கு வாராவாரம் இலவசப் பயிற்சி வகுப்பு. உட்கார், நில், இன்னொரு நாய் எதிரே வந்தாலும் பாயாமல் நட என்று பழக்குவது. அந்தப் பையன்களில் பலருக்கு நாயின் மேல் உண்மையிலேயே பாசம் உண்டு. தன் நாய் தெருவில் பேசப்பட வேண்டும் என்ற ஆசையும் உண்டு. அந்தப் பெருமையை யாரும் பிடுங்கவில்லை, வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். "நாய் வளர்க்க உனக்குத் தகுதி இல்லை" என்று ஆரம்பிக்கும் விலங்கு ஆர்வலர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த ஒரு வாக்கியத்திலேயே கதவு சாத்திக்கொள்ளும்.

நீதிமன்றத்தில் நீங்கள் என்னதான் செய்வீர்கள்? (பெங்களூரு)

உட்காருவோம். நிஜமாகவே அவ்வளவுதான்! எழுந்து பேச மாட்டோம், சத்தம் போட மாட்டோம். கொலை, கொள்ளை வழக்குகளுக்கு நடுவே ஒரு நாய் வழக்கு வரும்போது யாருமே இல்லாத அறையில் அது சீக்கிரம் தள்ளிப்போகும். நாலு பேர் வந்து வாய்தாவுக்கு வாய்தா உட்கார்ந்திருந்தால் அரசு வழக்கறிஞருக்கும் நீதிபதிக்கும் இது ஊர் கவனிக்கும் வழக்கு என்று தெரியும்.

இன்னொரு பக்கம் நாய்கள். அவை சாட்சிப் பொருள் என்பதால் வழக்கு முடியும்வரை காப்பகக் கூண்டிலேயே கிடக்க வேண்டும். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில், பராமரிப்புச் செலவுக்கு உரிமையாளர் பணம் கட்ட வேண்டும் என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தைக் கேட்கலாம். கட்டாவிட்டால் உரிமை போய்விடும். அதுவரை தன்னார்வலர்கள் போய் நாய்களை நடக்கக் கூட்டிப்போய், பழக்கி, மனிதர்மேல் நம்பிக்கை வரவைக்கிறார்கள்.

சண்டைக்கு வளர்த்த நாயை வீட்டில் வைத்தால் கடித்துக் குதறாதா? (மதுரை)

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், பெரிய அமைப்புகள் உட்பட. 2009 பிப்ரவரியில் வட கரோலினாவின் வில்க்ஸ் கவுன்ட்டியில் ஒரு வழக்கு. பிடிபட்ட 127 நாய்களையும், பிறகு பிறந்த குட்டிகளையும்கூட, நீதிமன்ற உத்தரவுப்படி கொன்றார்கள். நாடு முழுக்கக் கொதிப்பு. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பரிசோதித்து முடிவெடுக்க வேண்டும் என்று ஹியூமன் சொசைட்டி கொள்கையை மாற்றியது.

அதற்கு முன்பே ஆதாரம் இருந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் வர்ஜீனியா வீட்டில் 2007இல் மீட்ட பிட்புல்களில் 47 பிழைத்தன. வெறித்தனம் காரணமாகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான். 22 நாய்கள் யூட்டாவில் உள்ள பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போயின. பல, வீடுகளில் சாதாரணமாக வாழ்ந்தன. எல்லா நாயும் அப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றை வாழ்நாள் முழுக்க மற்ற நாய்களிடமிருந்து பிரித்தே வைக்க வேண்டும்.

அதே விக்கைப் பள்ளிகளில் பேச விட்டது நியாயமா? (டொராண்டோ)

நாய்ச் சண்டை வழக்கில் 23 மாதத் தண்டனை பெற்றவர், நாய்களின் பராமரிப்புக்கு 9 லட்சம் டாலருக்கு மேல் கட்டியவர். வெளியே வந்ததும் ஹியூமன் சொசைட்டி அவரைப் பேச அழைத்தது. எங்களுக்குள்ளேயே இதில் அடிதடி. எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. ஆனால் 14 வயதுப் பையன் என் பேச்சைக் கேட்பானா, அவர் பேச்சைக் கேட்பானா?

நம் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது? சண்டை வீடியோக்கள் கண்ணில் படுகின்றன. (திருச்சி)

1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. விலங்கைச் சண்டைக்குத் தூண்டுவது, சண்டை நடத்துவது, இடம் கொடுப்பது எல்லாமே குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலன் அந்தச் சட்டம். ஆனால் அபராதம் முதல் தடவை 10 முதல் 50 ரூபாய். ஒரு டீ, வடைக் காசு! அதனால் புகார் எழுதும்போது அந்தப் பிரிவோடு நிறுத்தாதீர்கள். நாய் ஊனமாகியிருந்தாலோ செத்திருந்தாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325ஆம் பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. பந்தயம் கட்டியிருந்தால் சூதாட்டச் சட்டமும் வரும்.

வீடியோவைக் கோபத்தில் பகிராதீர்கள். அவர்களுக்கு அது இலவச விளம்பரம். இணைப்பு, தேதி, கணக்கின் பெயர், தெரிகிற கட்டடம் அல்லது கடைப் பலகை இவற்றைக் குறித்து, காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாவட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் (எஸ்.பி.சி.ஏ.) ஒரு நகல்.

பக்கத்து வீட்டு நாய்க்கு உடம்பெல்லாம் தழும்பு. சந்தேகப்படலாமா? (கோவை)

முகம், கழுத்து, முன்னங்கால் ஆகிய இடங்களில் புதுக் காயமும் பழைய தழும்பும் கலந்திருக்கிறதா? கனமான சங்கிலி, ஒன்றையொன்று எட்டாதபடி கட்டிய பல நாய்கள், நாய் ஓட ட்ரெட்மில், வெளியே காட்டாமல் தைத்த காயம்? இதில் பல சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். தழும்பு மட்டும் போதாது; தெருவில் சண்டை போட்டுத் திரியும் நாய்க்கும் அது வரும்.

நானே ரகசியமாக உள்ளே போய்ப் படம் எடுக்கலாமா? (சென்னை)

வேண்டாம் தம்பி. அங்கே பணமும் கத்தியும் சேர்ந்தே இருக்கும். மாட்டிக்கொண்டால் அடிபடுவது நீங்கள் மட்டுமல்ல, அன்றைக்கு ராத்திரியே நாய்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். தெருவிலிருந்து தெரிவதை எழுதிவையுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த வண்டிகள். ஒருவர் கொடுப்பதைவிட நாலு வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் தள்ளிவைப்பது கஷ்டம்.