வேகமாக ஓட்டச் சொன்னேனா? – கடிதமும் பதிலும்

வணக்கம். நான் ஒரு டெலிவரி நிறுவனத்தின் கிளைப் பொறுப்பாளர். போட்டி நெருக்கியதால் 40 நிமிடமாக இருந்த டெலிவரி நேரத்தை 25 ஆகக் குறைத்தேன். தாமதமானால் அன்றைய ஊக்கத்தொகை கிடையாது. போன மாதம் எங்கள் பையன் ஒருவன் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் அடிபட்டு, கால் முறிந்து கிடக்கிறான். நான் யாரையும் வேகமாக ஓட்டச் சொல்லவில்லை. விதியை மீறக் கூடாது என்று எழுதிக் கொடுத்து எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் கூட வேலை செய்பவர்கள் என்னைக் குற்றவாளி மாதிரி பார்க்கிறார்கள். அவன் விவரம் தெரிந்தவன், முடிவு அவன் எடுத்தது. இதற்கும் நான்தான் பொறுப்பு என்றால் மனிதன் எந்தக் காரியத்தைத்தான் செய்வது?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பையனுக்கு அடிபட வேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தெரிந்து செய்தீர்களா என்பது வேறு கேள்வி, உங்கள் கடிதம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 நிமிடத்தில் பொருளை எடுத்துக் கட்டிக் கையில் கொடுக்கவே 10 நிமிடம் போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை நிறுத்தி, மாடி ஏறி, கதவைக் கண்டுபிடித்துத் தட்ட இன்னொரு 5. மிச்சம் 10 நிமிடம். வாடிக்கையாளர் 8 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் சராசரியாகவே மணிக்கு 48 கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும், அதுவும் வழியில் ஒரு சிக்னலில்கூட நிற்காமல். நெரிசலான நகரத்தில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? நேரத்தைக் குறைத்த அன்றைக்கே யாராவது உங்களிடம் வந்து "இனிமேல் பையன்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டிருந்தால் சரியாகவே பதில் சொல்லியிருப்பீர்கள். அந்தச் சுற்றறிக்கையே அதற்குச் சாட்சி. சிக்னலைத் தாண்டுவார்கள் என்று தோன்றாத ஒருவர் எதற்காகக் கையெழுத்து வாங்கப்போகிறார்?

உங்களுக்கு முன்னாலேயே இதே வாதத்தை வைத்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் டோமினோஸ் பீட்சா 30 நிமிட உத்தரவாதம் கொடுத்து வளர்ந்த நிறுவனம். நேரம் மிச்சமாவது கடைக்குள் செய்யும் வேலையில்தான், ரோட்டில் வேகமாக ஓட்டி அல்ல என்று அவர்களும் சொன்னார்கள். செயின்ட் லூயிஸில் அவர்களுடைய டிரைவர் ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு பெண்ணின் கார் மீது மோதிய வழக்கில், 1993 டிசம்பரில் ஜூரி 7 கோடி டாலருக்கும் மேல் தண்டத் தொகை கட்டச் சொன்னது. சில நாட்களிலேயே அந்த உத்தரவாதத்தை நிறுவனம் கைவிட்டது. விளக்கைத் தாண்டியது டிரைவர்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த அவசரத்தை உண்டாக்கியவர்களையும் ஜூரி விடவில்லை.

முடிவு அவன் எடுத்தது என்கிறீர்கள். சரி, அவர் எடுத்ததுதான். அதனால் உங்கள் பங்கு எங்கே குறைந்தது? பொறுப்பு என்பது ஆளுக்குப் பாதி என்று வெட்டித் தரும் தோசை இல்லை, அவர் முழுசாகப் பொறுப்பாக இருக்கும்போதே நீங்களும் முழுசாகப் பொறுப்பாக இருக்கலாம். அப்புறம், அவருக்கு இருந்த வழிகளையும் பாருங்கள்: நிதானமாக ஓட்டி ஊக்கத்தொகையை இழப்பது, இல்லாவிட்டால் சிக்னலைத் தாண்டுவது. இந்த இரண்டை மட்டும் அவர் முன்னால் வைத்தது நீங்கள். ஒருவரை மூலையில் நிறுத்திவிட்டு அவர் எந்தப் பக்கம் ஓடினார் என்று மட்டும் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கீழே இருப்பவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்ற இந்தப் பழக்கம் எல்லா வேலையிடங்களிலும் பரவிக் கிடக்கிறது, நினைத்தாலே கோபம் வருகிறது.

எந்தக் காரியத்தைத்தான் செய்வது என்று கேட்டீர்கள். பயப்பட வேண்டாம், உலகத்தில் நடக்கும் எல்லாமும் உங்கள் தலையில் விழாது. அதே பையன் நிதானமாகப் போகும்போது ஒரு லாரி டயர் வெடித்து அவர் மேல் சாய்ந்திருந்தால் உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். ஊகிக்க முடியாததற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் யோசித்தால் தெரிந்துவிடும் என்பதற்காகவே யோசிக்காமல் இருந்தால், அதை அறியாமை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கூட வேலை செய்பவர்கள் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்பதை விடுங்கள். 25 நிமிடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. இருந்தால் இதைப் படித்த கையோடு மாற்றுங்கள், மேலிடம் ஒப்புக்கொள்ளாவிட்டால் மேலே போட்ட கணக்கை எழுத்தில் அனுப்புங்கள். தாமதத்துக்கு ஊக்கத்தொகையைப் பிடிப்பதையும் நிறுத்துங்கள். அந்தப் பையன் எழுந்து நடக்கும் வரைக்கும் சம்பளமும் மருத்துவச் செலவும் யார் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, ஒருவரும் கொடுக்கவில்லை என்றால் நிறுவனத்தைக் கொடுக்க வையுங்கள். அதற்கப்புறம் அவரை நேரில் போய்ப் பாருங்கள், சுற்றறிக்கையைப் பற்றிப் பேசாமல்.