கோப்பியைக் குடியுங்கள்

கேள்வி: மலச்சிக்கலுக்கு வீட்டிலேயே முதன்முறையாக எனிமா (ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் நீர் செலுத்துதல்) எடுக்க விரும்புகிறேன். கோப்பியைச் செலுத்தினால் ஈரலும் சுத்தமாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டி இலங்கையின் கோப்பித் தோட்டங்களைக் காலப்போக்கில் அழித்தொழித்தது. எஞ்சிய கோப்பியை வாயால் குடிக்கவே விலை இடங்கொடாத இந்நாளில், உங்கள் நண்பர் அதற்குப் பின்வாசலையும் திறந்துவிடப் பார்க்கிறார். மக்ஸ் கெர்சன் என்ற ஜெர்மானிய வைத்தியர் புற்றுநோய்க்கென்று பரப்பிய இந்த முறையால் குடல் வெந்துபோனவர்களும், குருதியின் உப்புச் சமநிலை குலைந்து மாண்டவர்களும் மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றிருக்கிறார்கள். ஈரலின் வேலையை ஈரலே பார்த்துக்கொள்ளும். அதற்குக் கோப்பிக்கடை வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. சவர்க்கார நீரும் எலுமிச்சைச் சாறும்கூட வேண்டாம்.

கொதித்தாறி, உடற்சூட்டளவில் வெதுவெதுப்பாக இருக்கும் அரை லீற்றர் நீரில் முக்கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் போதும். அதை எனிமாப் பையில் ஊற்றி, பையைத் தொங்கவிடுமுன் குழாயிலுள்ள காற்று வெளியேறும்வரை சிறிது நீரை ஓடவிடுங்கள். இல்லையேல் அந்தக் காற்றே வயிற்றைப் பிசையும். இடப்பக்கம் சரிந்து, வலது முழங்காலை மார்பை நோக்கி மடித்துப் படுத்தால், பெருங்குடலின் இறங்குபகுதி இடப்புறம் இருப்பதால் நீர் தானாக வழி கண்டுகொள்ளும். நுனிக்கு வழுக்குக் களிம்பு பூசி, ஏழெட்டு சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் மெல்லச் செலுத்துங்கள், தடுத்தால் தள்ளாதீர்கள். பை உடலுக்கு ஓரடி உயரத்தில் இருக்கட்டும். ஆணியில் உயர மாட்டினால் நீர் பாய்ந்து வயிற்றை முறுக்கும். முறுக்கினால் கவ்வியை மூடி, வாயால் மூச்சு விடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும், ஆனால் மலசலகூடம் பக்கத்தில் இருக்கட்டும்.

மூலத்தில் இரத்தம் போகிறவர்கள், இதய, சிறுநீரக நோயாளர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் குடலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது. வயிற்றுவலியுடன் வாந்தியும் இருந்து வாயுவும் பிரியாவிட்டால், எனிமாப் பையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்மசியில் விற்கும் பொஸ்பேற் எனிமாவை 24 மணித்தியாலத்தில் ஒருமுறைக்கு மேல் பாவிக்கக்கூடாது. முதியோருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் அது ஆபத்து.

பேக்கரிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: மூன்று வேளையும் வெள்ளைப் பாணைத் தின்றுவிட்டுக் குடலைக் குறைகூறுவது நியாயமல்ல. தண்ணீர், கீரை, பப்பாசிப்பழம், குரக்கன் பிட்டு ஆகியவற்றுக்குச் சில வாரங்கள் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் எனிமா இல்லாமல் மலம் போகவில்லையென்றால், நண்பரை விட்டுவிட்டு வைத்தியரைக் காணுங்கள்.