வெள்ளை இசட்21-க்கு வயர்லெஸ் கன்ட்ரோலர்

உங்களிடம் இருப்பது மாடல் ரயில்களை இயக்கும் வெள்ளை நிற இசட்21 ஸ்டார்ட் கட்டுப்பாட்டுப் பெட்டி, கேபிளோடு வரும் மல்டிமவுஸ் கைக் கன்ட்ரோலர். ரயிலோடு நடந்தபடி ஓட்ட ஃபோன் போதுமா, டபிள்யூலேன்மவுஸ் என்ற வைஃபை கைக் கன்ட்ரோலர் வேண்டுமா என்கிறீர்கள். என் ஓட்டு டபிள்யூலேன்மவுஸுக்குத்தான். ஷன்டிங்கின்போது (பெட்டிகளைச் சேர்த்து, பிரித்து நகர்த்தும்போது) கண் வண்டியில் இருக்க வேண்டும். திருகும் குமிழைப் பார்க்காமலே விரல் கண்டுபிடித்துவிடும், கண்ணாடித் திரையில் அது நடக்காது. (நடுவில் யாராவது ஃபோன் பண்ணினால் இன்னும் விசேஷம்.) கூட ஓட்டுபவருக்கு ஃபோன் சரி.

ஆனால் எதை வாங்கினாலும், ஸ்டார்ட் மாடலில் வைஃபை வசதியைத் திறந்துவிடும் குறியீடும் ரவுட்டரும் தனியாக வேண்டும். ரவுட்டரை லேஅவுட்டுக்கே (மாடல் ரயில் தடத்துக்கே) ஒதுக்கிவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களில் நெரிசல் குறைந்ததை எடுங்கள். இணைப்பு அறுந்தாலும் என்ஜின் கடைசி வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், அதனால் மல்டிமவுஸைக் கழற்றாதீர்கள். அதன் ஸ்டாப் பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.