எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படங்களின் தரத்தை எப்படி அளக்கிறார்கள்? புதுக் கருவி வாங்கினால்தான் படம் மேம்படுமா?

பல வருடங்களாக இந்தக் கருவிகளைச் சோதிப்பதுதான் என் வேலை, அதனால் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புதுக் கருவி இல்லாமலேயே நிறைய மேம்படுத்தலாம்.

பார்க்கப் பளிச்சென்று இருந்தால் நல்ல படம் என்று பலரும் நினைக்கிறார்கள், மருத்துவர்களில் சிலர் உட்பட. சிறுநீரகக் கல்லுக்காக எடுக்கும் சிடியில் படம் முழுக்க மணல் தூவியது போல இருந்தாலும் கல் தெரிந்துவிடும், ஏனென்றால் கல்லுக்கும் சுற்றியுள்ள சதைக்கும் அடர்த்தியில் அவ்வளவு வித்தியாசம். அதே மணல் கல்லீரல் படத்தில் இருந்தால் சின்னக் கட்டி ஒன்று அதற்குள் மறைந்தே போகும். எதைத் தேடி எடுத்த படம் என்று தெரியாமல் தரத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

சரி, அளப்பது எப்படி? காலையில் நோயாளிகள் வருவதற்கு முன் தண்ணீர் நிரப்பிய ஒரு உருளையை டேபிளில் வைத்து ஸ்கேன் செய்வார்கள், அதற்குப் பேண்டம் என்று பெயர். சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும், அந்த இடம் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் ஒரு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு, தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000. திரையில் உருளையின் நடுவில் ஒரு வட்டம் போட்டால் சராசரி 0-க்கு ஒட்டியே வரவேண்டும், நான்கைந்துக்கு மேல் விலகினால் என்னவென்று பார்க்க வேண்டும். கூடவே வரும் திட்ட விலக்கம், அதாவது எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதுதான் அந்த மணலின் அளவு, நாங்கள் நாய்ஸ் என்போம். அப்புறம் ஓரங்களிலும் வட்டம் போட்டு நடுவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம்.

எண்களை மட்டும் நம்பினால் போதாது. ஒருமுறை எல்லா எண்களும் வரம்புக்குள்தான் இருந்தன, ஆனால் சின்ன எண் வித்தியாசமும் திரையில் தெரியும்படி விண்டோவைக் குறுக்கிப் பார்த்ததும் உருளையின் நடுவைச் சுற்றி நூல் கனத்தில் மங்கலாக ஒரு வளையம் தெரிந்தது. எக்ஸ்ரேயை வாங்கிப் பதிவு செய்யும் டிடெக்டரில் ஒரு சின்னத் துண்டு பழுதானாலும், நோயாளியைச் சூழ்ந்திருக்கும் வளையமான கேன்ட்ரி சுற்றச் சுற்ற அந்தப் பிழை வட்டமாகப் படத்தில் விழும். தலை ஸ்கேனில் அது மூளைத் தண்டின் பக்கத்தில் விழுந்திருந்தால் ஒருவருக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லியிருக்கக்கூடும். கேலிபரேஷன் (அளவுத் திருத்தம்) செய்தும் போகவில்லை, கடைசியில் டிடெக்டரின் அந்தப் பகுதியையே மாற்றினார்கள்.

நாய்ஸைக் குறைக்க டோஸை, அதாவது கதிர்வீச்சின் அளவைக் கூட்டினால் ஆயிற்று என்று தோன்றும், ஆனால் நாய்ஸ் பாதியாகக் குறைய டோஸ் 4 மடங்காக வேண்டும், அந்தக் கதிர்வீச்சு முழுவதையும் நோயாளிதான் தாங்க வேண்டும். அதனால் நான் முதலில் பார்ப்பது நோயாளி கேன்ட்ரியின் மையத்தில் படுத்திருக்கிறாரா என்பதைத்தான். முன்னோட்டப் படம் எடுக்கும்போது எக்ஸ்ரே குழாய் கீழே இருந்து, டேபிளும் சில சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தால், விளக்கின் அருகே கையைக் கொண்டுபோனால் நிழல் பெரிதாவது போல உடல் பெரிதாகத் தெரியும். ஆள் பருமன் என்று கருவி கணக்குப் போட்டு டோஸை ஏற்றிவிடும். குழாயிலிருந்து விலகிப் படுத்திருந்தால் இதற்கு நேர்மாறு, டோஸ் குறைந்து படம் மணலாகிவிடும். டெக்னீஷியன் குனிந்து, பக்கவாட்டு லேசர் கோடு விலாவின் நடுவில் விழுகிறதா என்று பார்த்து டேபிளை ஏற்றி இறக்கச் சில நொடிகள் போதும், காசு செலவே இல்லை, ஆனாலும் அவசரத்தில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

டிஜிட்டல் எக்ஸ்ரேயில் சிக்கல் வேறு மாதிரி. ஃபிலிம் இருந்த காலத்தில் டோஸ் கூடினால் படம் கருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது மென்பொருள் வெளிச்சத்தைச் சரிசெய்துவிடுகிறது, டோஸ் கூடக்கூடப் படம் இன்னும் சுத்தமாகத்தான் தெரியும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், டோஸ் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். டிடெக்டரில் எவ்வளவு எக்ஸ்ரே விழுந்தது என்று காட்டும் எக்ஸ்போஷர் இன்டெக்ஸை மாதாமாதம் எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். திரும்ப எடுத்த படங்களையும் அழிக்காமல் வைத்து ஏன் திரும்ப எடுத்தோம் என்று எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சிடியிலும் அப்படித்தான், டோஸ் எண் திரையிலேயே வரும், அதை யாராவது பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் மூளை ரத்த ஓட்ட ஸ்கேனின் அமைப்பு தவறிப்போய், 200-க்கும் மேற்பட்டவர்கள் சுமார் 8 மடங்கு டோஸ் வாங்கினார்கள். சிலருக்கு முடி கொட்டிய பிறகு, 2009-ல்தான் அது வெளியே தெரிந்தது. நினைக்கும்போதெல்லாம் மனது கனக்கிறது.

புதுக் கருவிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2021-ல் அனுமதி பெற்ற ஃபோட்டான் கவுன்டிங் சிடி, வழக்கமான டிடெக்டர் போல எக்ஸ்ரேயை ஒளியாக மாற்றாமல், எக்ஸ்ரே துகள்களான ஃபோட்டான்களை நேராகவே எண்ணுகிறது, பெரிய முன்னேற்றம் அது. நாய்ஸைக் குறைக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களில்தான் கவனம் வேண்டும். திட்ட விலக்கம் பாதியாகிவிட்டது என்று எண் காட்டும், படமோ மெழுகு பூசியது போல இருக்கும், சுற்றுப்புறத்திலிருந்து லேசாகவே வேறுபடும் சின்னக் கட்டிகளும் நாய்ஸோடு சேர்ந்து அழிந்திருக்கலாம். அப்படி ஒரு மென்பொருள் வந்தபோது, மங்கலான சின்ன வட்டங்கள் உள்ள பேண்டத்தைப் பழைய முறையிலும் புது முறையிலும் எடுத்து, எது எந்த முறை என்று சொல்லாமல் ரேடியாலஜிஸ்டுகளிடம் கொடுத்து எத்தனை வட்டம் தெரிகிறது என்று எண்ணச் சொன்னோம். பதில்களைப் பார்த்துவிட்டு, கல்லீரல் ஸ்கேனுக்கு மட்டும் மென்பொருளின் வீரியத்தை ஒரு படி குறைத்தோம், கல்லுக்கு எடுப்பதை அப்படியே விட்டோம்.