பாடு படாத நாயகர்கள்

கேள்வி: அநாதைச் சிறுவன், அவனுக்கென்றே ஒரு தீர்க்கதரிசனம், வழிகாட்ட வெண்தாடிக் கிழவர், கடைசியில் ஓர் இருள் அரசன். எந்த ஃபேன்டஸி நாவலைத் திறந்தாலும் இதே கூட்டம். வாசகர்கள் இன்னுமா ஏமாறுகிறார்கள்?

பதில்: ஏமாறவில்லை ஐயா, தெரிந்தேதான் வாங்குகிறார்கள். கர்ணன் மடியப்போகிறான் என்று தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறவர்கள்தானே நாம்! 1977இல் டெர்ரி புரூக்ஸின் 'ஷனாராவின் வாள்' வந்தபோது, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஆசிரியர் டோல்கீனைப் பார்த்து எழுதியது என்று விமர்சகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். புத்தகமோ அமோகமாக விற்றது. டோல்கீன் 1973இலேயே மறைந்துவிட்டார். அவருடைய மோதிரக் கதையைப் படித்து முடித்தவர்களுக்கு அந்த உலகத்தை விட்டு வர மனமில்லை. அந்தப் பசியை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் எழுதுகிறவர்கள் மேல்தான். முன்னோடிகளிடமிருந்து ஆட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் பட்ட பாட்டை விட்டுவிடுகிறார்கள். டோல்கீனின் நாயகன் ஃபுரோடோவையே பாருங்கள். இருள் அரசனின் மோதிரத்தை அழிக்கக் கிளம்பியவன் அவன். மலையும் சதுப்பும் கடந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எரிமலையின் வாய்க்கு வந்து நிற்கிறான். மோதிரத்தை நெருப்பில் போட வேண்டியதுதான் பாக்கி. அவன் போடவில்லை. எனக்கே சொந்தம் என்று விரலில் மாட்டிக்கொள்கிறான்! அந்த மோதிரத்துக்காகவே பின்தொடர்ந்து வந்த கோல்லம் பாய்ந்து அந்த விரலையே கடித்துத் துண்டாக்கி, மோதிரத்தோடு துள்ளிக் குதிக்கும்போது கால் தவறி உள்ளே விழுகிறான். மோதிரம் அழிந்தது அப்படித்தான். கடைசி அடியில் நாயகன் தோற்றுப்போகிறான். ஊர் திரும்பிய பிறகும் காயம் ஆறாமல், கப்பலேறிப் போய்விடுகிறான். நகலெடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தோல்வியை எழுதத் துணிவு வந்தது?

தீர்க்கதரிசனத்தையும் அப்படியே தள்ளிவிடாதீர்கள். ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் நூலில் (2003) அது வெளிப்படும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஏழாம் மாதம் முடியும் தறுவாயில், இருள் மந்திரவாதி வோல்டமோர்ட்டை மும்முறை எதிர்த்தவர்களுக்குப் பிறக்கும் பிள்ளை என்றுதான் அது சொல்கிறது. ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலும் அதற்குப் பொருந்துகிறவன்தான். வோல்டமோர்ட் பயந்துபோய் ஹாரியின் வீட்டைத் தேடிப் போனதால்தான் ஹாரி அந்தப் பிள்ளை ஆகிறான். தழும்பையும் அநாதைக் கோலத்தையும் தந்தது எதிரியின் அச்சம். பழைய உத்திதான், ஆனால் ஆசிரியர் அதை யோசித்துக் கையாண்டிருக்கிறார்.

வாசகர்கள் உண்மையில் மனம் விட்டுப்போவது செத்தவர்கள் திரும்பி வரும்போதுதான். டோல்கீனின் கிழ மந்திரவாதி கேண்டால்ஃப் மீண்டு வந்தது சிலிர்ப்பாக இருந்தது. அவரைப் பார்த்து ஆளாளுக்கு எழுப்பிக் கொண்டுவர ஆரம்பித்ததும், யார் செத்தாலும் கண்ணில் நீர் வருவதில்லை. 1996இல் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற முதல் நூலிலேயே, நாயகன் போல வந்த நெட் ஸ்டார்க்கின் தலையை வெட்டவைத்தபோது வாசகர்கள் அதிர்ந்ததற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்ஸீயின் மந்திரவாதி'யைப் படியுங்கள். தாயில்லாப் பிள்ளையும் உண்டு, மந்திரப் பள்ளியும் உண்டு, முதிய தலைமை மந்திரவாதியும் உண்டு. இருள் அரசன் மட்டும் இல்லை. கெட் என்ற அந்த மாணவன் அகந்தையில் உலகத்தில் ஒரு பிளவைத் திறந்து, அதன் வழியே வரவிட்ட நிழல்தான் அவனைத் துரத்துகிறது. அந்தப் பிளவை மூடுவதற்குக் கிழவர் தம் உயிரையே கொடுக்கிறார், திரும்பி வருவதுமில்லை. முடிவை நான் சொல்லப்போவதில்லை. படித்துவிட்டு எழுதுங்கள்.