வாசகர் கேள்வி–பதில்: மாரிட்ஸ்பர்க் போய் அன்றே திரும்ப

கேள்வி: ஜூலை விடுமுறையில் அப்பா, அம்மா, பிள்ளைகளோடு டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். எந்த வழி நல்லது?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். என்3 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லையென்றால் ஒரு மணி நேரம். துறைமுகத்துச் சரக்கு லாரிகள் ஜோகன்னஸ்பர்க் நோக்கி ஏறுவது அந்தச் சாலையில்தான். போதாக்குறைக்குச் சாலையை அகலப்படுத்தும் வேலையும் நடக்கிறது. காலை ஏழுக்குள் கிளம்பிவிடுங்கள்.

மரியான்ஹில் டோலைத் தவிர்க்க, பைன்டவுன் வழியாக எம்13-இல் ஏறி, கீ ரிட்ஜ் அருகே என்3-ஐப் பிடிக்கலாம். 2013-இல் எம்13-இன் ஃபீல்ட்ஸ் ஹில்லில் நடந்த கோர விபத்துக்குப் பிறகு அந்த இறக்கத்தில் பெரிய லாரிகளுக்குத் தடை. வயதானவர்களோடு போகும்போது டோல் பணத்தைவிட அதுதான் பெரிய லாபம்.

திரும்பும்போது பழைய சாலையான ஆர்103-இல் வாருங்கள். கேட்டோ ரிட்ஜ், ட்ரம்மண்ட், போத்தாஸ் ஹில் வழியாக ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணில் படும். ஜூலையில் ஐந்தே கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும், அதனால் இரண்டரைக்குப் புறப்பட வேண்டும். இந்தச் சாலையில் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான் நாளில் மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கார் 15 வருடப் பழசு. சென்ற முறை ஏறும்போது எஞ்சின் சூடு ஏறியது, இறங்கும்போது பிரேக்கில் கருகல் வாடை வந்தது. மறுபடி எடுத்துப் போகலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எடுக்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி உம்லாஸ் ரோடு அருகே சுமார் 800 மீட்டர் உயரத்தைத் தொடுகிறீர்கள்.

முதல் நாள் இரவு, எஞ்சின் ஆறியபின், கூலன்ட் அளவைப் பாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் உள்ளே துருப்பிடித்து ரேடியேட்டர் அடைக்கும். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருக்கட்டும். வழியில் வெப்பம் காட்டும் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு அதன் வழியே வெளியேறும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி அணையுங்கள். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

கருகல் வாடைக்குக் காரணம், இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்தபடியே வருவது. கீ ரிட்ஜ் இறக்கம் தொடங்குமுன்பே மூன்றாம் கியருக்கு மாறுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 3 அல்லது எல். பிரேக் ஃப்ளூயிட் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்: ஈரம் உறிஞ்சிய ஃப்ளூயிட் சூட்டில் கொதித்து, மிதி தரையோடு போய்விடும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, கோணிக்கொள்ளும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அரை நாளில் எதைப் பார்ப்பது, காரை எங்கே விடுவது?
– வாசகி, வெருலம்

பதில்: சிட்டி ஹாலில் தொடங்குங்கள். முதல் கட்டடம் 1898-இல் எரிந்துபோக, இப்போதுள்ள செங்கல் கட்டடம் 1901-இல் திறக்கப்பட்டது. எதிரே பழைய உச்ச நீதிமன்றத்தில் டேத்தம் கலைக்கூடம். சர்ச் தெருவில் காந்தி சிலை. அதே தெருவின் மேல்முனையில் ரயில் நிலையம். 1893 ஜூன் 7 இரவு முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து அவரை இறக்கிவிட்டது இங்கேதான். மேல்கோட்டு இருந்த சாமானை ரயில்வேக்காரர்கள் எடுத்து வைத்துக்கொள்ள, அவர் குளிரில் நடுங்கினார். பள்ளத்தில் கிடக்கும் ஊர், ஜூலையில் டர்பன் உடையோடு போனால் நீங்களும் நடுங்குவீர்கள். அம்மாவை நிலையத்துக்கு நடத்தாமல் காரிலேயே கொண்டு போங்கள்.

லாங்கலிபலேலே தெருவின் (பழைய லாங்மார்க்கெட்) கீழ்ப்பகுதியில் சிவசுப்பிரமணியர், மாரியம்மன் கோயில்கள் உள்ளன. புனித வெள்ளியன்று தீமிதி. அன்று தெருவில் கார் நுழையாது.

காரைக் காவலுள்ள நிறுத்துமிடத்தில் விடுங்கள். ரிமோட்டை அழுத்தியபின் கைப்பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும், சிக்னலைத் தடுத்துத் திருடுகிறவர்கள் உண்டு. பையை டிக்கியில் வைப்பதானால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், போன இடத்தில் திறந்து வைக்காதீர்கள்.

கேள்வி: ஹோவிக் அருவியையும் சேர்க்கலாமா?
– வாசகர், டோங்காட்

பதில்: சேர்க்கலாம், ஆனால் ஆர்103-ஐ விட்டுவிட வேண்டும். 95 மீட்டர் அருவி, மாரிட்ஸ்பர்க்கிலிருந்து போக 25 கிலோமீட்டர். இடையில் டவுன் ஹில்லில் மூடுபனி இறங்கினால் முகப்பு விளக்கை லோ பீமில் வையுங்கள். ஹை பீம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.