மேலாளரோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டால் கடைசிச் சம்பளத்தை நிறுத்தலாமா?

“மேலாளரின் தொல்லை தாங்காமல் ராஜினாமா செய்தேன், கடைசி மாதச் சம்பளம் வரவில்லை” என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் அப்படி நிறுத்த முடியாது.

வேலையை விடும்போது நடக்கும் கணக்கு முடிப்பைத்தான் ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்கிறார்கள். வேலை பார்த்த நாட்களின் சம்பளம், நிறுவன விதிப்படி மிச்ச விடுப்புக்கான பணம், பொதுவாக ஐந்து வருடம் முடிந்திருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி), எல்லாம் அதில் சேரும். சம்பளம் என்பது ஏற்கெனவே செய்த வேலைக்கான கடன். மேலாளருக்கு உங்கள்மேல் கோபம் என்பதால் கடன் மறைந்துவிடாது.

வாடகை வீட்டைக் காலி செய்வது போலத்தான். சொல்லாமல் கிளம்பினால் ஒப்பந்தப்படி ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கலாம்; முகம் பிடிக்கவில்லை என்று மொத்தத்தையும் அமுக்க முடியாது. முன்கூட்டிச் சொல்ல வேண்டிய நாட்களை முடிக்காமல் கிளம்பினால் ஒப்பந்தப்படி பிடிக்கும் நோட்டீஸ் காலக் கழிவும் அப்படித்தான் (ஒப்பந்தத்தில் உள்ள இந்த விதியைப் பலர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்).

2019 ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளம் தரச் சொல்கிறது. பணிக்கொடைக்கு 30 நாள். தரவில்லையா? முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள், அப்புறம் தொழிலாளர் துறை அலுவலகம்.

பிஎஃப் பணத்தையும் நிறுவனம் முடக்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்கில் ஏறிய பணம் பெரும்பாலும் வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம்தான் இருக்கிறது, மேலாளரிடம் இல்லை.